காந்தத்துக்குள் போன மூன்று ஊசிகள்

என் வீட்டுக்காரரால் சட்டைப் பித்தான் போட முடியவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டை சரியில்லை என்றார். வேறு சட்டை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் சரியில்லையாம். "இப்பல்லாம் ஓட்டையைச் சின்னதா வச்சுத் தைக்கிறானுங்க" என்று ஊரிலுள்ள தையற்காரர்கள் அத்தனை பேர் மேலும் பழியைப் போட்டார். பிறகு டீ சட்டைக்கு மாறிவிட்டார். கோயிலுக்கும் டீ சட்டை, சாவு வீட்டுக்கும் டீ சட்டை. கடலோர ஊரான ஜெராமில் என் தம்பி மகள் கல்யாணத்துக்கு, முதுகில் உர விளம்பரம் போட்ட டீ சட்டையோடு கிளம்பி நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அதைக் கழற்றச் சொல்லி, நல்ல சட்டையை மாட்டி, நானே பித்தானைப் போட்டுவிட்டேன். நான் போட்டு முடிக்கும்வரை அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதருக்குப் பெண்டாட்டி சட்டை மாட்டிவிடுவது வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்கும் ஒன்றும் பெருமையாக இல்லை.

அதே ஜெராமில் இன்னொரு நாள் மீன் வாங்கிவிட்டுக் காருக்குத் திரும்பினோம். அவருடைய ஒரு காலில் செருப்பு இல்லை.

"ஒரு செருப்ப எங்க விட்டீங்க?"

"கால்லதான் இருக்கு."

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கால் சுடுவது அவருக்குத் தெரியவில்லை. செருப்பு மீன்காரர் கடைக்கு முன்னால் ஈரத்தில் கிடந்தது. அதை எடுக்கப் போகும்போது எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அவரிடம் எனக்குக் கோபம் வராமல் இருப்பது அபூர்வம் என்பதால் பயம் இன்னும் கூடியது.

கோலசிலாங்கூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் முழங்காலைத் தட்டினார். கால் எட்டி உதைத்தது. நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. கையும் நன்றாகத்தான் இருக்கிறது, காலும் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு கழுத்தில் என்றார். என் வீட்டுக்காரருக்கு அது அவமானமாகப் போய்விட்டது.

"கழுத்துல வலியே இல்லையே டாக்டர்."

"என்ன வேலை செய்றீங்க?"

"செம்பனைக் குலை வெட்டுறது. கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து."

செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை வளர வளரக் குலை மேலே போய்க்கொண்டே இருக்கும். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, கீழே நின்றபடி அண்ணாந்து வெட்ட வேண்டும். காலையில் அண்ணாந்த தலை மத்தியானம்தான் இறங்கும். இதை அவர் சொன்னதும் டாக்டர் தன் தலையைப் பின்னால் சாய்த்து விட்டத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்து பார்த்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். எலும்புக்குள்ளே மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் தெரியாது. வெட்டாமல் கொள்ளாமல் அதைப் பார்க்க இந்த மெஷின்தான் வழி. தேய்ந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தால் ஆபரேஷன் செய்து விடுவிக்கலாம். ஏற்கெனவே போனது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அந்த மிச்சமும் போகும், படுத்த படுக்கையாகக்கூட ஆகலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். மெதுவாக, சிரித்த முகத்தோடு சொன்னார். அந்தச் சிரித்த முகத்தை நான் பல நாள் மன்னிக்கவில்லை.

மெஷினைப் பார்த்துக்கொண்ட பெண் ரவாங்கைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை. அது பெரிய காந்தம் என்று விளக்கினாள். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அந்தத் தண்ணீரையெல்லாம் காந்தம் ஒரே பக்கமாகத் திருப்பி நிறுத்துமாம். பிறகு ஒரு தட்டுத் தட்டிக் கலைத்துவிடுமாம். கலைந்தது பழைய இடத்துக்குத் திரும்பும்போது கொடுக்கிற சைகையைப் பிடித்துப் படமாக்குவார்களாம். என் வீட்டுக்காரர் விழித்தார். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். "உங்க உடம்புத் தண்ணிக்குப் பெரட்டு வைக்கப் போறாங்க" என்றேன். உடனே புரிந்துகொண்டார். பெரட்டுக்கு அவர் ஒரு நாளும் லேட்டாகப் போனதில்லை.

அடுத்து அந்தப் பெண் கேள்விகளை ஆரம்பித்தாள்.

"அங்கிள், பாடில மெட்டல் ஏதாச்சும் இருக்கா? பேஸ்மேக்கர், ஸ்க்ரூ, க்ளிப், அந்த மாதிரி?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"அரிவாள மெஷின்ல தீட்டுவீங்களா?"

"ஆமா. டெய்லி."

அப்படியானால் இரும்புத் தூள் கண்ணுக்குள் தங்கியிருக்கலாம், காந்தம் இழுத்தால் கண்ணுக்கு ஆபத்து, எதற்கும் முகத்தை ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றாள். எடுத்தார்கள். திரும்பி வந்தவள் முகத்தில் சிரிப்பை அடக்கும் களை இருந்தது. கண்ணில் ஒன்றும் இல்லையாம். கன்னத்தில்தான் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் காட்டினாள். மண்டையோட்டின் கன்னப் பக்கத்தில் மூன்று மெல்லிய வெள்ளைக் கோடுகள், பூனை மீசை மாதிரி.

"அங்கிள், இது சுசுக்தானே? மலாய் பேஷண்ட்ஸ்கிட்ட பாத்திருக்கேன். எங்க அத்தை ஒருத்தங்ககூட வச்சிருந்தாங்க. சொல்லியிருக்கலாம்லா."

அவர் தரையைப் பார்த்தார். அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது.

சுசுக் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போமோ என்கிற மலாய் மந்திரவாதி, நூலைவிட மெல்லிய தங்க ஊசியை மந்திரித்துத் தோலுக்கடியில் செருகிவிடுவார். வெளியே ஒரு தடயமும் இருக்காது. முகத்தில் வைத்தால் முகம் வசீகரிக்கும், பார்க்கிறவர்கள் மயங்குவார்கள் என்பது கணக்கு. வைத்திருக்கிறவர் அதை வெளியே சொல்லக் கூடாது. துணி காயப்போடும் கொடிக்கு அடியில் நடக்கக் கூடாது. சாத்தே என்கிற சுட்ட இறைச்சியைக் குச்சியிலிருந்து கடித்துத் தின்னக் கூடாது. பீசாங் மாஸ் வாழைப்பழம் தொடக் கூடாது. மீறினால் ஊசியின் சக்தி போய்விடும்.

எக்ஸ்ரேக்கு முன்னால் நின்றபோது எனக்கு என் கல்யாண வாழ்க்கை முழுவதும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கொல்லையில் கொடி குறுக்கே போகும். குளியலறைக்குப் போக இந்த மனிதர் அதன் அடியில் ஒரு நாளும் போனதில்லை. கொட்டுகிற மழையிலும் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார். பெண்பிள்ளை சேலைக்குக் கீழே குனிய மாட்டாராம், அவ்வளவு திமிர் என்று நான் என் அக்காவிடம் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன். சாத்தே கடையில் இறைச்சியைக் குச்சியிலிருந்து உருவித் தட்டில் போடச் சொல்வார். பல்லில் கோளாறு என்று நினைத்து அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போயிருக்கிறேன். கோயிலில் பிரசாதமாகக் கொடுத்த பழத்தைக்கூட எனக்குத் தள்ளிவிடுவார். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மெஷினுக்குள் விடவில்லை. சுசுக் தங்கமாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, காந்தம் தங்கத்தை இழுக்காது, ஆனால் தங்கம் என்று சொல்லி என்னத்தைச் செருகினார்களோ, போமோவிடம் விசாரித்துக்கொண்டு வாருங்கள், நானும் பெரிய டாக்டரிடம் கேட்டு வைக்கிறேன் என்று அந்தப் பெண் அனுப்பிவிட்டாள்.

காரை நான்தான் ஓட்டினேன். ஈஜோக் ஊரைத் தாண்டினோம். பிறகு கேட்டேன்.

"யாருக்காக?"

"என்னா யாருக்காக?"

"யார மயக்க வச்சீங்க?"

"உன்னைத்தான்லா."

"பொய் சொல்லாதீங்க. எஸ்டேட் கிளினிக்ல இருந்தாளே ஒரு நர்ஸ், அவளுக்கா?"

"அவ வர்றதுக்கு எவ்ளோ வருஷம் முன்னாடி தெரியுமா இது! ஒன்னைப் பொண்ணு பாக்க வர்றதுக்கு மொத நாளு வச்சது. அதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேர வேணாம்னுட்டியாமே. ரெண்டு பேரும் ஆபீஸ்ல கிராணி வேலை. நான் குலை வெட்டுறவன். லோரி ஓட்டுற அண்ணன் சொன்னாரு, சுங்கை ஆயர் தாவார்ல ஒரு போமோ இருக்காரு, மூஞ்சில ரெண்டு ஊசி போட்டா வேலை முடிஞ்சிரும்னு. நான் மூணாப் போடச் சொன்னேன்."

நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. கோபம் இருக்கும்வரை பயம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. ஆனால் அந்த வாரம் அவர் கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவி உடைந்தது. உடைந்ததைப் பொறுக்க அவர் குனிந்தார். விரல்கள் சில்லைச் சுற்றித் தடவின, பிடிக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே சுங்கை ஆயர் தாவாருக்குக் கிளம்பிவிட்டோம்.

போமோ காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதே வீட்டில் அவர் மகன் உறைய வைத்த நகெட், சாசேஜ் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். வாசலில் நீளமான குளிர்ப்பெட்டி, அதற்கு மேல் தராசு. என் வீட்டுக்காரர் தன் மலாயில் விஷயத்தைச் சொன்னார். மகனுக்கு ஆச்சரியமே இல்லை. இந்த மாதிரி அவ்வப்போது யாராவது வருகிறார்கள் போலிருக்கிறது.

"எப்ப வச்சது?" என்று கேட்டார் மலாயில்.

"பெண் பார்க்கப் போனதுக்கு முதல் நாள்" என்றார் என் வீட்டுக்காரர், யோசிக்காமல். சொல்லிவிட்டு, நகெட் வாங்க வந்து நின்ற ஒரு மலாய் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்து வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன். அப்படியொரு வெட்கத்தை நடிக்க அவருக்குத் தெரியாது.

மகன் எங்களை ஏற இறங்கப் பார்த்து வருஷத்தைக் கணக்குப் போட்டார். "அப்படின்னா தங்கம்தான். அப்பா பித்தளைக்கு மாறினது ரொம்பப் பிந்தி" என்றார். எடுத்துவிட முடியுமா என்று கேட்டோம். அந்த வித்தை தனக்குத் தெரியாது, தனக்குத் தெரிந்தது இதுதான் என்று குளிர்ப்பெட்டியைக் காட்டினார். ஒரு பாக்கெட் சாசேஜ் வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த கழுகு பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கினேன். லங்காவி போன மருமகள் வாங்கி வந்தது. அதை அவர் கன்னத்தில் வைத்துக் கையை எடுத்தேன். கழுகு கீழே விழுந்தது. மறுபக்கம் வைத்தேன். விழுந்தது. இது எந்த அளவுக்கு விஞ்ஞானம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பெரிய டாக்டர் சரி என்றார். மெஷினுக்குள் ஊசி சூடேறிக் கன்னம் சுட்டால் உடனே நிறுத்திவிடுவோம் என்றார்கள். உள்ளே போகிறவர் கையில் ரப்பர் உருண்டை ஒன்றைக் கொடுப்பார்கள். ஏதாவது தொந்தரவு என்றால் அமுக்க வேண்டும், வெளியே மணி அடிக்கும். அவர் வலது கையால் அமுக்கினார். மணி அடிக்கவில்லை. இன்னொரு தரம் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். அடிக்கவில்லை. ரவாங் பெண் உருண்டையை இடது கைக்கு மாற்றினாள். அடித்தது. வாழ்நாள் முழுக்க நீளக் கம்பைத் தூக்கிப் பிடித்த கை அது. நான் சுவரில் இருந்த தீயணைப்பு அறிவிப்பை முழுதாகப் படித்தேன்.

"சத்தம் வர்றப்போ எச்சில் விழுங்காதீங்க அங்கிள். கழுத்து அசைஞ்சா பிக்சர் ப்ளர் ஆயிடும்" என்றாள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் முதலில் சொன்னது, "விழுங்காதீங்கன்னு அந்தப் புள்ள சொன்ன ஒடனே வாயெல்லாம் ஊறுது. அது வரைக்கும் ஊறல" என்பதுதான். கன்னம் சுட்டதா என்று கேட்டேன். இல்லையாம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. போமோ ஏமாற்றவில்லை.

படத்தை டாக்டர் காட்டினார். தண்டுவடம் சாம்பல் நிறத்தில் மேலிருந்து இறங்குகிறது. அதன் இரண்டு பக்கமும் வெள்ளையாக நீர். கழுத்தின் நடுவில் வந்ததும் அந்த வெள்ளை இரண்டு பக்கமும் இல்லை. அங்கே தண்டுவடம் கிள்ளினாற்போல ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய இடத்துக்குள்ளேயே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் போனது, திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். கன்னப் பக்கம் ஊசிகள் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாகத் துளித்துளி ஓட்டைகள். எனக்காக ஒரு மனிதர் செய்த காரியம் அந்தப் படத்தில் வெறும் ஓட்டையாகத் தெரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்துக்குள் தகடும் திருகாணிகளும் வைத்தார்கள். நடை நிதானப்பட்டது. செருப்பு கழன்றால் தெரிகிறது. விரல்கள் பாதி வந்தன, பாதி வரவில்லை. கழுத்து மட்டும் இனி அண்ணாந்தும் பார்க்காது, குனிந்தும் பார்க்காது. குலை வெட்டும் வேலை அதோடு முடிந்தது.

மறுபடியும் காட்டப் போனபோது ஆராய்ச்சி செய்யும் டாக்டர் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். நோயாளிகளின் தண்டுவடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதை ஒட்டிய நல்ல தண்டுவடங்கள் வேண்டுமாம். நோய் இல்லாத கழுத்து எப்படி இருக்கும் என்று சரியாகத் தெரிந்தால்தான், வேறு தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்ல முடியுமாம். என்னை யாரும் ஒரு நல்ல பொருளாகக் கேட்டு வாங்கியதில்லை. சரி என்றேன்.

தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். முதல் நாளே மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே போகும் முன் தாலிக்கொடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார், நழுவிவிடக் கூடாதே என்று.

"என் தங்கத்தோட என்னை உள்ள விட்டாங்க. ஒன் தங்கம் மட்டும் வெளிய நிக்கிது" என்றார்.

உள்ளே படுத்தேன். காதை அடைத்த பிறகும் சத்தம் மண்டையில் இடித்தது. தட்டுவதும் நிறுத்துவதுமாக, பழைய ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி. அசையக் கூடாது, பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒருசேரச் செய்து எனக்குப் பழக்கமில்லை. சும்மா கிடந்தால் மனம் எங்கேயாவது போகத்தானே செய்யும். அது கொடிக்குப் போயிற்று.

மழையில் வீட்டைச் சுற்றி நடக்கிற அந்த உருவம் நினைவில் வந்தது. கொடிக்கு அடியில் போனால் ஊசியின் சக்தி போய்விடும். சக்தி போனால்? நான் போய்விடுவேன். இத்தனை வருஷமும் அந்த மனிதர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். பிள்ளைகள் பிறந்த பிறகும், பேரப்பிள்ளை வந்த பிறகும், ஊசி பிடித்து வைத்திருப்பதால்தான் நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நனைந்திருக்கிறார். நான் உள்ளே நின்று அதைத் திமிர் என்று திட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது, துடைக்க முடியாது. வாயெல்லாம் ஊறியது, விழுங்கக் கூடாது. விழுங்கிவிட்டேன்.

"ஆண்டி, அசையாதீங்க" என்றது ஒலிபெருக்கி. "அந்த செட் திரும்ப எடுக்கணும்."

வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னேன்.

"நான் ஏன் ஒங்களுக்குச் சரின்னு சொன்னேன் தெரியுமா?"

"ஊசி."

"ஊசியும் இல்ல, ஒன்னும் இல்ல. முன்னாடி வந்தவனுங்க ரெண்டு பேரும் என்னை மேலயும் கீழயும் பாத்தானுங்க, சந்தையில ஆட்டப் பாக்குற மாதிரி. நீங்க என் பக்கமே திரும்பல. வந்ததுலேர்ந்து ஜன்னல் வழியா மேலயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. மரியாதை தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சேன். அதான் எங்கப்பாகிட்ட தலையாட்டினேன்."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"ஒங்க லயத்து வீட்டுக்குப் பின்னால ஒரு செம்பனை தெரிஞ்சுச்சு. குலை நல்லா பழுத்து உதிர ஆரம்பிச்சிருந்துச்சு. இத ஏன் இன்னும் வெட்டாம வச்சிருக்கானுங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீங்க குலையப் பாத்தது எனக்குத் தெரியாது."

"அப்ப ஊசி வேஸ்ட்டா?"

"வேஸ்ட்டுத்தான்."

மறுநாள் குளிக்கப் போகும்போது அவர் கொடிக்கு அடியிலேயே போனார். கழுத்து குனியாததால் என் ஈரச் சேலை முகத்தில் அறைந்தது. துடைத்துக்கொண்டு போனார்.

இப்போது மறுபடியும் சட்டை போடுகிறார். கீழே உள்ள பித்தான்களைத் தானே போடுவார். நேரம் ஆகும். நான் உதவக் கூடாது, பக்கத்தில் நிற்கலாம். மேலே இருக்கும் இரண்டு மட்டும் என் பொறுப்பு. முன்பெல்லாம் நான் போட்டு முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது தகடு அதற்கு விடுவதில்லை. என் முகத்துக்கு நேராக நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"என்னா அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"வேற எங்கயும் பாக்க முடியலலா" என்றார்.